ஒரு பிள்ளைக்கு ஒரு கட்டம்

மனித குலம் உறவுகளைக் கண்டுபிடித்துப் பல்லாயிரம் ஆண்டுகள் ஆகியிருக்கலாம். அவற்றை ஒழுங்காக அடுக்கி வைத்த பெருமை மட்டும் குழந்தைகள் மருத்துவமனையின் கணினிப் பிரிவுத் தலைவரையே சேரும். அட்டவணை போடாமல் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார் என்பதால் அவருக்கு 'அட்டவணையார்' என்று பெயர்.

அவருடைய நிரலில் நோயாளி, பெற்றோர், கட்டில் எல்லாமே 'பொருள்'. பொருளுக்கும் பொருளுக்கும் உள்ள உறவைப் பிடித்துப் போட 'அந்நியச் சாவி' என்று ஒன்று உண்டு. பிள்ளையின் வரிசையில் ஒரு கட்டம். அதில் பெற்றவரின் எண். அவ்வளவுதான். சொந்தத்தைச் சேர்க்க அந்நியச் சாவியா என்று கேட்ட மருந்தாளுநர் மறுவாரமே கிடங்குக்கு மாற்றப்பட்டார். தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்பார்கள். அட்டவணையார் ஒரு படி மேலே போய்க் கதவையும் வேறாக்கினார். கட்டத்தில் உள்ள எண்ணுக்கு மட்டுமே வார்டுக் கதவு திறக்கும்.

திங்கட்கிழமை பதினொரு மணிக்கு அந்தக் கதவுக்கு வெளியே ஒரு பெண் நின்றாள். உள்ளே, கை முறிந்த அவளுடைய நாலு வயது மகள் தொண்டை கிழிய அம்மாவைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். டாக்டரைக் கிட்டே விடவில்லை. கட்டுப் போட முடியவில்லை.

கதவருகே மேசை போட்டு உட்கார்ந்திருந்த அட்டவணையார் திரையைப் பார்த்தார்.

"கட்டத்துல உங்க வீட்டுக்காரர் நம்பர் இருக்கே. அவரை வரச் சொல்லுங்க."

"அவர் கப்பல்ல இருக்கார் சார். வர நாலு மாசம் ஆகும்."

"பரவாயில்லை, கட்டம் காத்திருக்கும்."

"என் நம்பரையும் சேத்துக்கக் கூடாதா?"

"ஒரு கட்டத்துல ரெண்டு நம்பர் போகாதும்மா. உங்களைப் போட்டா அவர் அப்பாவா இருக்க முடியாது. வீட்ல கலந்து பேசி முடிவு பண்ணுங்க."

"நான் பெத்தவ சார்."

"இருக்கலாம். நான் மறுக்கலையே. ரெண்டு பேரையும் சேக்கணும்னா 'இணைப்பு அட்டவணை'ன்னு தனியா ஒண்ணு போடணும். அதுக்கு ஒரு கூட்டம் போடணும். கூட்டம் வியாழக்கிழமை."

கேட்டவர்களுக்கு வயிறு எரிந்தது. அட்டவணையாருக்கு எதுவும் எரியவில்லை. அவர் மேசையில் எல்லாம் பச்சை விளக்கு.

ஸ்டூலில் உட்கார்ந்திருந்த காவலாளி எழுந்தார். இடுப்பில் தொங்கிய சாவிக்கொத்தை எடுத்து, தீ விபத்துக்கென்று வைத்திருந்த பக்கக் கதவைத் திறந்தார்.

"உள்ள போம்மா."

"யாருன்னு தெரிஞ்சு விடுறீங்க?" என்றார் அட்டவணையார்.

"உள்ள அது கூப்பிடுது, வெளிய இது அழுவுது. இன்னும் என்ன சார் தெரியணும்?"

இரண்டு நிமிடத்தில் சத்தம் அடங்கியது. அரை மணியில் கட்டும் போட்டாயிற்று.

அன்று மாலையே காவலாளிக்கு மெமோ போனது. அட்டவணையார் அறிக்கை எழுதினார். 'தொடர்பற்ற நபர்' ஒருவர் நுழைந்ததும் குழந்தையின் அழுகை நின்றதற்கான காரணம் புலப்படவில்லை என்று அதில் நேர்மையாக ஒப்புக்கொண்டார். நிர்வாகம் மனம் குளிர்ந்து, மற்ற எட்டு வார்டுகளுக்கும் அதே கதவைப் போட உத்தரவிட்டது. அறிக்கையின் கடைசி வரிதான் அவர்களுக்கு மிகவும் பிடித்திருந்ததாம்: "அமைப்பில் பிழை ஏதுமில்லை. பிழை, அந்தக் குழந்தைக்கு அப்பா, அம்மா என்று இரண்டு பேர் இருந்ததுதான்."