ஒற்றைக் கரண்டி அறை

ஹோரியாவின் பற்களைப் பார்த்த அன்றே நான் ஒரு சபதம் எடுத்தேன். இந்தக் கோடை முடியும்வரை என் மனைவி மிருனா எங்கள் ஊர்க் கோட்டைப் படியில் கால் வைக்கக் கூடாது.

பற்களுக்கும் சபதத்துக்கும் என்ன சம்பந்தம் என்பீர்கள். நீங்கள் அந்தப் பற்களைப் பார்த்ததில்லை. முப்பத்திரண்டும் வெள்ளை. அவன் வாயைத் திறந்தால் முப்பத்திரண்டும் தெரியும். என் வாயில் முன்வரிசையிலேயே ஒன்று இல்லை. நான் சிரித்தால் பள்ளத்தாக்கு தெரிகிறது என்று மிருனாவே சொல்லியிருக்கிறாள்.

ஹோரியா பட்டணத்து மாணவன். கோடை விடுமுறைக்கு எங்கள் கோட்டையைச் சுற்றிக் காட்டும் வேலைக்கு வந்தான். எங்கள் திரான்சில்வேனியாவில் மலைக்கு ஒரு கோட்டை, கோட்டைக்கு ஒன்பது கதை. கதை சொல்ல ஆள் வேண்டியதுதான். அந்த ஆளுக்குப் பல் எதற்கு?

நான் வண்டி ஓட்டுகிறவன். வெளியூர்க்காரர்களை ஏற்றிக்கொண்டு தினமும் அக்கம்பக்கத்து ஏழு கோட்டைகளைச் சுற்றி வருவேன். பன்னிரண்டு வருஷமாக இதுதான் பிழைப்பு. அந்த ஏழில் ஒன்றுக்குள்ளும் நான் போனதில்லை. அவர்கள் உள்ளே போவார்கள், நான் வண்டி நிழலில் தூங்குவேன். கல்யாணமாகி மூன்று வருஷமாக மிருனா கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"நேலு, நாளைக்கு நானும் வண்டியில வர்றேன். கன்னிக் கோட்டையப் பாக்கணும்."

"அங்க என்ன இருக்கு? கல்லு. நம்ம வீட்டுச் சுவத்துலயும் கல்லு இருக்கு. அதைப் பாரு."

"கழுகுக் கோட்டை?"

"அதுவும் கல்லுதான். கொஞ்சம் உசரத்துல இருக்கிற கல்லு."

"அப்புறம் எதுக்கு ஜப்பான்லருந்து வந்து பாக்கறாங்க?"

"அவங்க ஊர்ல கல்லு தீந்துபோச்சு போல."

உண்மையான காரணத்தை உங்களிடம் மட்டும் சொல்கிறேன். போன வருஷம் ஒரு தடவை அவளை வண்டியில் பெட்ரோல் பங்க் வரைக்கும் கூட்டிப் போனேன். அங்கிருந்தவன் என் வண்டியின் முன் கண்ணாடியை மூன்று தடவை துடைத்தான். பன்னிரண்டு வருஷத்தில் ஒரு தடவைகூடத் துடைக்காதவன்! அவளை ஏழு கோட்டைக்குக் கூட்டிப் போனால் என்ன ஆகும்? காவல்காரன், சீட்டுக் கிழிப்பவன், பொம்மை விற்பவன், எல்லாரும் ஆண்கள்.

மிருனா என்னோடு சண்டை போடவில்லை. எங்கள் ஊர்க் கோட்டைக்கு நடந்தே போகலாம். செவ்வாயும் வெள்ளியும் ஏழு மாதக் குழந்தை இலிங்காவை இடுப்பில் வைத்துக்கொண்டு மலை ஏறிவிடுவாள். திரும்பி வந்தால் அவள் வாயில் ஒரே பேச்சு.

"ஹோரியா சொன்னான், கழுகுக் கோட்டைப் பிரபு இருக்கானே, பொண்டாட்டிய யாரும் பாக்கக் கூடாதுன்னு ஜன்னலே இல்லாம ஒரு கோபுரம் கட்டினானாம்."

"புத்திசாலி."

"கட்டி முடிச்சுக் கூப்பிட்டா, அவ அந்தக் கொத்தனாரோட எப்பவோ போயிட்டாளாம்."

அன்று சோளக் களியைப் பாதியிலேயே தள்ளி வைத்தேன்.

மூன்று நாள் யோசித்தேன். நான்காம் நாள் வண்டியின் சக்கரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தபோது அந்தத் திட்டம் தோன்றியது. என் வாழ்க்கையிலேயே இவ்வளவு அழகான திட்டம் எனக்குத் தோன்றியதில்லை.

எங்கள் கோட்டைக்குள் ஓர் அறை உண்டு. அந்தக் காலத்தில் இங்கே வாழ்ந்த ஜெர்மன் குடியானவர்கள் ஏற்படுத்தியது. பிரிந்து போக வேண்டும் என்று புருஷனும் பெண்டாட்டியும் வந்தால் பதினான்கு நாள் அந்த அறையில் போட்டுப் பூட்டுவார்கள். உள்ளே ஒரு கட்டில், ஒரு நாற்காலி, ஒரு தட்டு, ஒரே ஒரு கரண்டி. யார் பொறுக்க முடியாமல் முதலில் கதவைத் தட்டுகிறார்களோ அவர்கள் தோற்றார்கள். ஜெயித்தவர் கேட்கும் ஒன்றை மறுபேச்சில்லாமல் செய்து கொடுக்க வேண்டும். முந்நூறு வருஷத்தில் ஒரே ஒரு ஜோடிதான் பிரிந்து போனது என்று ஊரில் சொல்வார்கள். இன்றைக்கும் ஊர்க்காரர் யார் கேட்டாலும் அறையைக் கொடுக்க வேண்டும் என்பது வழக்கம்.

ஹோரியாவுக்கு வேலை மாதா திருநாளோடு முடிகிறது. அதற்கு இன்னும் பதினைந்து நாள். கணக்கு புரிகிறதா? பதினான்கு நாள் மிருனா கோட்டைக்குள்தான், ஆனால் பூட்டின கதவுக்குப் பின்னால், என் கண் முன்னால். ஒரே கட்டில். ஒரே கரண்டி. வெளியே வரும்போது ஹோரியா பெட்டி கட்டிக்கொண்டிருப்பான்.

கோட்டைச் சாவி ரெகீனா அம்மாளிடம் இருந்தது. பழைய ஜெர்மன் குடும்பங்களில் எங்கள் ஊரில் மிச்சமிருப்பவர் அவர் ஒருவர்தான். சட்டம் என்றால் சட்டம். சிரிக்க மாட்டார்.

"அம்மா, எங்களுக்கு ஒத்து வரல. அறை வேணும்."

"எத்தனை நாளா ஒத்து வரல?"

"ஹோரியா வந்ததுலருந்து... அதாவது, கோடை வந்ததுலருந்து."

மூக்குக் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "சட்டம் பூராவும் அறைக் கதவுப் பலகையில எழுதியிருக்கு. படிச்சியா?"

அந்தப் பலகையில் இருப்பது பழைய ஜெர்மன் எழுத்து. கோழி கிளறின மாதிரி இருக்கும். ஊரில் எவனும் அதைப் படித்ததில்லை. கரண்டி, தட்டுதல் இந்த இரண்டும் எல்லாருக்கும் தெரியும், அவ்வளவுதான்.

"படிச்சேன் அம்மா" என்றேன்.

வீட்டுக்குப் போனேன். மிருனா முட்டைக்கோஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். கையில் கத்தி. அதனால் வாசலில் நின்றே சொன்னேன்.

"பதினாலு நாளா?" என்றாள்.

"ஆமா."

"நீயும் நானும் மட்டும்?"

"ஆமா."

"குழந்தை?"

"கோட்டை வாசல்ல ரெகீனா அம்மா வீட்டுல இருக்கட்டும். தேவைன்னா கஞ்சி குடுப்பாங்க."

அவள் முட்டைக்கோஸைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்பதுபோல மறுபடி முட்டைக்கோஸைப் பார்த்தாள்.

"சரி" என்றாள்.

அழவில்லை. கத்தவில்லை. அப்போதே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். பெட்ரோல் பங்க்காரனைச் சந்தேகப்பட்டவன், கட்டினவளைச் சந்தேகப்படவில்லை.

கதவு பூட்டியது. ஒரு மணி நேரம் உலகத்திலேயே நிம்மதியான புருஷன் நான்தான். அவள் கட்டிலில், நான் நாற்காலியில். கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெளியே இலிங்கா அழுதாள். மிருனா எழுந்து கதவின் ஓட்டை வழியாக, "ரெகீனா அம்மா, பிள்ளை அழுவுது" என்றாள். கதவு திறந்தது.

நான் குதித்தேன். "தோத்துட்டா! தோத்துட்டா! கதவைத் திறக்க வச்சுட்டா!"

"தட்டினேனா?" என்றாள் மிருனா.

ரெகீனா அம்மாள் பலகையில் விரலை வைத்தார். "ஆறாவது வரி. நீதான் படிச்சேன்னியே."

மிருனா பலகைக்கு எதிரே நின்று, பள்ளிக்கூடப் பிள்ளைபோல நிறுத்தி நிறுத்திப் படித்தாள். "'பால் குடிக்கும் பிள்ளையின் தாய், பிள்ளை அழும்போதெல்லாம் வெளியே போகலாம். அது தட்டினதாகாது. பிள்ளை போதும் என்று சொல்லும்வரை வெளியே இருக்கலாம்.'"

"உனக்கு எப்படி இந்த எழுத்து தெரியும்?"

"செவ்வாய்க்கிழமைகள்ல பாதி கத்துக்கிட்டேன். வெள்ளிக்கிழமைகள்ல மீதி."

போய்விட்டாள். போகும்போது கரண்டியையும் எடுத்துக்கொண்டாள். குழந்தைக்குக் கஞ்சி ஊட்ட வேண்டுமாம்.

இலிங்காவுக்கு ஏழு மாதம். போதும் என்று சொல்ல அவள் கற்றுக்கொள்ள இன்னும் ஒரு வருஷமாவது ஆகும்.

அதற்குப் பிறகு நான் அனுபவித்தது எதிரிக்கும் வரக் கூடாது. அறையில் ஒரு சின்னத் துவாரம் உண்டு. அதன் வழியே முற்றத்தில் முழங்காலுக்குக் கீழே மட்டும் தெரியும். மிருனாவின் பாவாடை போகும். பின்னாலேயே ஹோரியாவின் செருப்பு போகும். பாவாடை நிற்கும். செருப்பும் நிற்கும். பிறகு சிரிப்பு. சிரிப்புக்கு மேலே என்ன நடந்தது என்று தெரியாமல் நான் தரையில் படுத்துத் தலையைத் திருப்பிப் பார்த்தேன். கழுத்து பிடித்துக்கொண்டதுதான் மிச்சம்.

சாப்பாடு கொண்டுவந்தது யார்? அவனேதான்.

"நேலு அண்ணே, சூப்பு. சூடா இருக்கு, பாத்து. கரண்டி அவங்ககிட்ட இருக்கு, தட்டோட தூக்கிக் குடிச்சிடுங்க."

"அவ எங்கடா?"

"கோபுரத்து மேல அண்ணே. பிள்ளைக்குக் காத்து நல்லதுன்னு."

"யாரோட?"

"எல்லாரோடவும்தான்."

எல்லாரோடவும்! அன்றைக்கு அந்தச் சூப்பை உறைந்துபோகும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெளியூர்க்காரர்கள் வந்து ஓட்டை வழியாக என்னைப் பார்த்தார்கள். வேறு கோட்டைகளில் ரத்தம் குடிக்கும் பிரபு எங்கே என்று கேட்பவர்கள், இங்கே "இவர் என்ன குற்றம் செய்தார்?" என்று கேட்டார்கள். படம் எடுத்தார்கள். ஒரு கிழவர் எனக்குப் பாதி ரொட்டி நீட்டினார்.

ஐந்தாம் நாள் கதவுக்கு வெளியே கதை சொல்லும் குரல் கேட்டது. ஜன்னலில்லாத கோபுரத்தின் கதை. கொத்தனார் வரும் இடத்தில் கூட்டமே சிரித்தது. ஆனால் குரல் ஹோரியாவுடையது இல்லை. பெண் குரல். எங்கே நிறுத்த வேண்டும், எங்கே தாழ்த்த வேண்டும் என்று தெரிந்த குரல். யார் என்று நினைத்தேன். மிருனா! என்னிடம் இதே கதையை இரண்டே வரியில் சொல்லி முடித்தவள். இந்தக் குரலை மூன்று வருஷமாக எங்கே வைத்திருந்தாள்? என்னைத் தவிர எல்லாரும் கேட்கிறார்களே! அன்றைக்கு ஹோரியாவை விட்டுவிட்டு, கதவுக்கு வெளியே கைதட்டின ஒவ்வொரு கையின் மேலும் பொறாமைப்பட்டேன்.

ஒன்பதாம் நாள் தட்டினேன். கையால் தட்டினேன், செருப்பால் தட்டினேன், நாற்காலியால் தட்டினேன்.

"தட்டினது யாரு?" என்றார் ரெகீனா அம்மாள்.

"உள்ள வேற யாரு இருக்கா? நான்தான்!"

மிருனா குழந்தையோடு வந்து நின்றாள். காற்றும் வெயிலும் பட்டு முகம் ஆப்பிள்போல இருந்தது. ஜெயித்தவள் அவள். பிரிந்து போகலாம் என்று கேட்டால் நான் கொடுத்தே ஆக வேண்டும். நானே போய்க் கேட்டு வாங்கின அறை. முந்நூறு வருஷத்தின் இரண்டாவது ஜோடி!

"கேளு" என்றேன்.

"ஏழு கோட்டையும் காட்டு. வெளிய நிறுத்தி இல்ல, உள்ள கூட்டிட்டுப் போய்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது. "ஹோரியா?"

"அவன் ஊருக்குப் போறான். நான் கதை சொல்லக் கத்துக்கிட்டேன், அவனுக்கு என்ன வேலை?"

ஹோரியாவின் பெட்டியை நானே தூக்கிப் பேருந்தில் ஏற்றினேன். "அக்காவ நல்லா பாத்துக்கங்க அண்ணே" என்றான். அக்கா! அந்த ஒரு வார்த்தையை முதல் நாளே சொல்லித் தொலைத்திருந்தால் நான் ஏன் ஒன்பது நாள் சூப்பைத் தட்டோடு குடித்திருக்கப் போகிறேன்?

மறுநாள் ஏழு கோட்டைக்கும் கூட்டிப் போனேன். பன்னிரண்டு வருஷத்தில் முதல் தடவையாக நானும் உள்ளே போனேன். கன்னிக் கோட்டையில் மிருனா எனக்கு மட்டும் மெதுவாகக் கதை சொன்னாள். அந்தக் குரல், எனக்கு மட்டும்! பக்கத்தில் நின்ற இரண்டு பேர் காதைக் கொடுத்தார்கள். மூன்றாம் கோட்டையில் பத்துப் பேர். ஏழாம் கோட்டையில் மற்ற வண்டிக்காரர்களின் ஆட்களெல்லாம் எங்கள் பின்னால் வந்தார்கள். வண்டியின் முதலாளி அன்று மாலையே வீட்டுக்கு வந்தார். என்னைப் பார்க்க அல்ல.

இப்போது தினமும் பதினெட்டு ஆண்கள் வாயைப் பிளந்தபடி என் மனைவியையே பார்த்து நிற்கிறார்கள். அவர்களைக் காலையில் விடுதி விடுதியாகப் போய் எழுப்பி ஏற்றி வருகிறவன் நான்தான்.