சூசை மாமாவின் ஜீப்பும் என் கல்யாண ஓலையும்

தெரியாது என்று சொல்லத் தெரியாத வயதில் எனக்கு எலெக்ட்ரிகல் டிப்ளமாவைக் கொடுத்துவிட்டார்கள். அதிலிருந்துதான் எல்லா வம்பும். என் கையும் சும்மா இருக்காது, வாயும் சும்மா இருக்காது. யார் வீட்டிலாவது பல்பு ஒரு தடவை மினுக்கினால் போதும், டெஸ்டரோடு ஸ்டூல் மேல் ஏறிவிடுவேன். (இறங்கும்போது பக்கத்து வீட்டிலும் கரண்ட் இருக்காது.)

அறுபதுகளின் கடைசி. ராயபுரத்தில் அம்மாவோடும் தம்பி தங்கைகளோடும் இருந்துகொண்டு துறைமுகத்துப் பக்கம் ஒரு ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குப் பெண் கொடுப்பதாக இருந்தவர் திருவொற்றியூர் சூசை மாமா. எண்ணூர் முகத்துவாரத்து மணலில் குழாய் பதிக்கும் கான்ட்ராக்டர். பட்டாளத்தில் கழித்துவிட்ட ஜீப் ஒன்றை ஏலத்தில் எடுத்து வைத்திருந்தார். நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி. மணலும் சேறும் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. ஆனால் வாரத்துக்கு ஒரு நாள், ஸ்டார்ட்டரை அழுத்தினால் 'டிக்' என்று ஒரு சத்தம் வரும். அதற்கு மேல் ஒன்றும் வராது.

பெண் பார்க்கப் போன இடத்தில் காபியைக் குடித்துவிட்டுப் பேசாமல் வந்திருக்கலாம். "வுடுங்க மாமா, ஒரே நாள்ல சரி பண்ணிக் குட்த்துர்றேன்" என்றேன்.

"ஒரு நா இன்னாத்துக்கு, வேணுங்கிற நாள் எட்துக்க," என்றார் மாமா. "வண்டி நிக்காம ஓடணும். அப்பாலதான் ஓலை."

எங்கள் கல்யாணங்களுக்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமை, பூசையில் பெண், மாப்பிள்ளை பெயரை வாசிப்பார்கள். அதுதான் ஓலை. அது வாசிக்கப்படாமல் கல்யாணம் கிடையாது. ஆக, மாமா மகள் பிலோமினா எனக்குக் கிடைப்பதும் கிடைக்காததும் அந்த ஜீப்பின் கையில் இருந்தது.

பழுது என்னவோ சின்னதுதான். பாட்டரியிலிருந்து வண்டியின் சட்டத்துக்குப் போகும் எர்த் பட்டை, உப்புக் காற்றில் பச்சை பூத்துக் கிடந்தது. சுரண்டி இறுக்கினேன். பாட்டரியில் தண்ணீர் குறைந்திருந்தது. டிஸ்டில்டு வாட்டர் ஊற்றினேன். வண்டி உறுமியது. ஜன்னலிலிருந்து பிலோமினா பார்த்தாள். அந்த நிமிஷமே ஊரைவிட்டு ஓடியிருந்தால் இன்றுவரை நான் மேதை.

இரண்டு வாரம் கழித்து மறுபடியும் 'டிக்'. டைனமோவைப் பிரித்துக் கார்பன் மாற்றினேன். பத்து நாள் ஓடியது. பிறகு டைனமோவுக்கும் பாட்டரிக்கும் நடுவில் இருக்கும் கட்-அவுட்டை மாற்றினேன். பிறகு ஒயரிங் முழுவதையும் பிடுங்கிப் புதிதாகப் போட்டேன். ஒவ்வொரு தடவையும் கடைசியில், பெரிய டாக்டர் ஊசி போடுகிற தோரணையில் பாட்டரிக்குத் தண்ணீர் ஊற்றுவேன். ஓடும், நிற்கும். எனக்குச் சோறு இறங்கவில்லை. பஸ்ஸில் உட்கார்ந்தால் முன் சீட்டின் முதுகில் விரலால் சர்க்யூட் வரைந்தேன். கடல் காற்றைத் திட்டினேன், டிரைவர் கன்னியப்பனைத் திட்டினேன், ஜீப் செய்த அமெரிக்காவையும் விடவில்லை. கடைசியில் பாட்டரிதான் கிழடு என்று தீர்ப்பு சொல்லி, மாமாவைப் புது பாட்டரி வாங்க வைத்தேன். அதுவும் மூன்றாம் வாரம் கண்ணை மூடியது.

"தப்பா எட்துக்காத சார்," என்றான் கன்னியப்பன். "நீ கை வெக்கிறதுக்கு மின்னாடி வாரத்துக்கு ஒரு தபா நின்னுகினு இருந்துச்சி. இப்ப டெய்லி நிக்குது."

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். டிஸ்டில்டு வாட்டரை ஒரு ஸ்குவாஷ் பாட்டிலில் வாங்கி வந்து, வீட்டில் மாதா சுரூபத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்தேன். பக்தியெல்லாம் இல்லை. நான் பூசைக்குப் போயே வருஷக்கணக்கில் ஆகியிருந்தது. அந்த ஒரு இடத்தில்தான் தம்பி தங்கைகள் கை வைக்க மாட்டார்கள். தினமும் காலையில் எடுத்துப் போவேன், சாயங்காலம் திரும்ப வைப்பேன். இரண்டு மாதம் ஊற்றியும் தீரவில்லை. நல்ல பெரிய பாட்டில் என்று நினைத்துக்கொண்டேன். (டிப்ளமா, முதல் வகுப்பு.)

அந்த நாட்களில் அம்மாவும் காரணமில்லாமல் என்மேல் பிரியமாக இருந்தாள். பூசைக்கு வராததற்குத் திட்டுவதை நிறுத்திவிட்டாள். வஞ்சிரம் வாங்கினால் நடுத்துண்டு என் தட்டில் விழுந்தது.

ஒருநாள் மாமா கூப்பிட்டார். முகத்துவாரத்தில் போட்டிருந்த புதுக் கொட்டகையை மந்திரிக்க எங்கள் பங்குச் சாமியார் வருகிறார் என்றார். "நீயே ஓட்டு. நிக்காம போயி நிக்காம வந்தா, இந்த ஞாயித்துக்கெயமையே மொத ஓலை. நின்னுச்சோ, வேற எடம் பாத்துக்க."

அன்று காலை பாட்டரியைச் சார்ஜ் ஏற்றி மாட்டி, பயத்தில் கொஞ்சம் தாராளமாகவே தண்ணீர் ஊற்றினேன். முன்னால் சாமியார், பின்னால் மாமாவும் பிலோமினாவும். எண்ணூர் தாண்டி மணலில் இறங்கும்வரை குதிரைபோல் போனது. பிலோமினா பார்க்கிறாளா என்று திரும்பினேன். கிளட்ச்சில் கால் வழுக்கி என்ஜின் அணைந்தது. ஸ்டார்ட்டரை அழுத்தினேன்.

'டிக்.'

உச்சி வெயில். கடல் ஏறிக்கொண்டிருந்தது. சாமியார் அங்கியை இடுப்பில் செருகிக்கொண்டு தள்ளினார். மாமா தள்ளினார், பிலோமினா தள்ளினாள். சக்கரம் இன்னும் ஆழமாக இறங்கியதுதான் மிச்சம். சாமியார் மூச்சு வாங்க மணலில் உட்கார்ந்தார்.

"அந்தப் பாட்டிலைக் கொடு தம்பி."

"அது பாட்டரித் தண்ணி சாமி."

"தண்ணிதானே." வாங்கிக் குடித்தவர் பாதியில் நிறுத்தினார். இன்னொரு வாய் குடித்துப் பார்த்தார். "இது நான் மந்திரிச்ச தீர்த்தம்ல? என் கை உப்பு எனக்குத் தெரியாதா?"

தீர்த்தம் மந்திரிக்கும்போது உப்பையும் மந்திரித்துச் சேர்ப்பது வழக்கம். எங்கள் சாமியாருக்கு அதில் தாராளமான கை.

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "உன் அம்மா சொன்னாங்க. பையன் தினம் மாதாகிட்டேயிருந்து தீர்த்தம் எடுத்துட்டுத்தான் வேலைக்குப் போறான், குறையக் குறைய நான்தான் கோயில்லேருந்து கொண்டாந்து ரொப்பி வைக்கிறேன்னு. இந்த மாப்பிள்ளை வேண்டாம்னு சூசை சொன்னப்போகூட, இப்படி பக்தியுள்ள பிள்ளை கிடைக்காதுன்னு நான்தான் தடுத்தேன்."

உப்பு விழுந்த பாட்டரி பிழைக்காது. ஒர்க்‌ஷாப்பில் முதல் நாளே சொல்லிக் கொடுக்கிற பாடம். பக்தியோடுதான் ஊற்றினேன் என்று சொன்னால் நான் முட்டாள் எலெக்ட்ரீஷியன். தெரியாமல் ஊற்றினேன் என்றால் பக்தியும் போச்சு, அம்மாவின் பெருமையும் போச்சு. மூன்று பேரும் என்னையே பார்த்தார்கள். அலை முன் சக்கரத்தைத் தொட்டுவிட்டுப் போனது.

"பக்தி இல்ல சாமி," என்றேன். "பசங்க தொடக் கூடாதுன்னு அங்க வெச்சேன். அம்மா ரொப்பினது எனக்குத் தெரியாது. மாமா, ரெண்டு பாட்டரியையும் கெடுத்தது நான்தான். கன்னியப்பன் மேல ஒண்ணும் தப்பில்ல."

சாமியார் பாட்டிலை மூடி என்னிடமே நீட்டினார். "பூசைக்கு வராதவன் பாட்டரிக்கு ஞானஸ்நானம் கொடுத்திருக்கான்," என்றார்.

பிலோமினா சிரிக்க ஆரம்பித்தாள். நிற்க முடியாமல் ஈர மணலிலேயே உட்கார்ந்து சிரித்தாள்.

"இன்னாமே சிரிப்பு?" என்றார் மாமா.

"இல்லப்பா. மூணு மாசமா இவுரு ஊர்ல கீறவங்க அல்லாரையும் கொற சொல்லிகினு இருந்தாரு. இன்னிக்கித்தான் தன்னைச் சொல்லிக்கினாரு. நான் இவுரையே கட்டிக்கிறேன்."

மாமா கடலைப் பார்த்தார், ஜீப்பைப் பார்த்தார். "மொதல்ல வண்டியைத் தள்ளுங்கப்பா," என்றார்.

கடைசியில் பக்கத்துக் குப்பத்து ஆட்கள் வந்து, கயிறு கட்டி வலை இழுப்பதுபோல் ஜீப்பைக் கரைக்கு இழுத்தார்கள். மூன்றாவது பாட்டரி வந்தது. அதற்குத் தண்ணீர் ஊற்றும் பொறுப்பைக் கன்னியப்பன் எடுத்துக்கொண்டான். வண்டி அதற்குப் பிறகு நிற்கவே இல்லை. அடுத்தடுத்த மூன்று ஞாயிறும் ஓலை வாசித்தார்கள். அம்மாவிடம் யாரும் மூச்சு விடக் கூடாது என்று சாமியார் சொல்லிவிட்டார். அதனால் நான் அவள் ரொப்பித் தரும் பாட்டிலை அவள் சாகும்வரை தினமும் வேலைக்கு எடுத்துக்கொண்டு போனேன். பூசைக்கும் போக வேண்டியதாயிற்று.

கல்யாணத்தன்று மோதிரங்களை மந்திரிக்கும்போது, சாமியார் தீர்த்தத்தில் விரலை நனைத்து நாக்கில் வைத்துப் பார்த்தார். என்னைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுத்தான் தெளித்தார். முன் வரிசையில் மாமா கர்ச்சீப்பை வாயில் அடைத்துக்கொண்டார். அம்மா மட்டும், சாமிக்குத் தன் பிள்ளைமேல் எவ்வளவு பிரியம் என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

இப்போதும் வீட்டில் ஃபேன் நின்றாலோ மிக்ஸி நின்றாலோ நான் டெஸ்டரை எடுப்பேன். அதற்குள் பிலோமினா பேரப்பிள்ளைகளிடம் சொல்லிவிடுவாள்: "ஓடிப் போயி உப்பு டப்பாவை ஒளிச்சி வைங்க. தாத்தா எழுந்துட்டாரு."