தலைவலி போனவர்

தலைவலி உள்ளவர்களைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. பாவம், அவர்கள் பேசாமல் படுத்திருப்பார்கள். நான் சொல்ல வந்தது தலைவலி போனவர்களைப் பற்றி. மயிலாப்பூரில் மாட வீதிக்கு ஒருவராவது இருக்கிறார்கள்.

எங்கள் வீதிக்குக் கல்யாணராமன். மாதம் ஆறு தடவை ஒற்றைத் தலைவலியில் துடித்தவர், அடையாறில் ஓர் அக்குபங்சர் டாக்டரிடம் பத்து வாரம் ஊசி குத்திக்கொண்டார். அன்றிலிருந்து ஊரார் தலையெல்லாம் அவர் பொறுப்பு. குளக்கரையில் எதிர்ப்பட்டால் நெற்றியை உற்றுப் பார்ப்பார். ரேஷன் க்யூவில் அகப்பட்டால் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் அழுத்திக் காட்டுவார். சபாவில் தாளம் போட்டுக்கொண்டிருந்த என் கையையே பிடித்துக்கொண்டு பல்லவி முடியும்வரை விடவில்லை. எனக்குத் தலைவலியே கிடையாதே என்றால் விடுவாரா? வருவதற்கு முன்னால் குத்திக்கொள்வதுதான் வைத்தியமே என்பார். உங்களுக்கு இப்போது எப்படி என்று கேட்டாலோ, "சுத்தமா போயிடுத்து" என்பார்.

அதை நம்பி வாராவாரம் அடையாறு போனவர் தி. நகர் ஜவுளிக்கடைக்காரர் கணேசமூர்த்தி. பத்தாவது வாரம் கல்யாணராமன் வீட்டுக்கு வந்தார்; நானும் இருந்தேன். வாரம் ஒன்று வந்த வலி இப்போது மாதம் ஒன்றாம். உங்களுக்குப் போன மாதிரி எனக்கு அடியோடு போகவில்லையே, இது என் உடம்புக்கு ஒத்துவராது, விட்டுவிடுகிறேன் என்று வருத்தத்தோடு சொன்னார். கல்யாணராமனுக்குத் தர்மசங்கடம். உண்மையைச் சொன்னால் பெயர் போய்விடும். சொல்லாவிட்டால் அந்த மனிதர் மறுபடி வாராவாரம் துடிப்பார்.

காபி கொண்டுவந்த அவர் மனைவி வேம்பு சொல்லிவிட்டார்: "இவருக்கும் மாசம் ரெண்டு தரம் வரது. முந்தாநாள்கூட ஜன்னலெல்லாம் சாத்திண்டு படுத்துண்டிருந்தார்."

கணேசமூர்த்தியின் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

"அப்போ எனக்கு ஒண்ணுதான சார்?"

காபியைக் குடித்துவிட்டு, அடுத்த வாரத்துக்கு நேரம் வாங்க நேரே அடையாறுக்குக் கிளம்பினார். கல்யாணராமன் இரண்டு நாள் வெளியே வரவில்லை. இப்போது கணேசமூர்த்தி, கடையில் யார் புடவை விலை கேட்டாலும் முதலில் நெற்றியைப் பார்க்கிறார். சுத்தமாகப் போய்விட்டது என்றும் சொல்கிறாராம்.

சிரிக்கிறீர்கள். உங்கள் முழங்கால் வலி ஒரு கஷாயத்தில் மாயமாக மறைந்ததாகப் போன மாதம் எத்தனை பேரிடம் சொன்னீர்கள்? இருக்கட்டும், நான் நம்புகிறேன். உங்கள் வீட்டில் கேட்டால் என்ன சொல்வார்கள்?