வேண்டாம் என்றதை நம்பிவிட்ட வீடு

ஒரு காட்டில் வெள்ளிங்கிரி என்று ஒரு கரடி இருந்தார். இருந்தது என்றும் எழுதலாம்தான். ஆனால் அவர் குகையில் ஒரு வேளை கை நனைத்தவர்களுக்கு அப்படி எழுத மனசு வராது. அவ்வளவு உபசாரம்.

அந்தக் காட்டில் விருந்துக்கு ஒரு முறை உண்டு. சாப்பிடுங்கள் என்றால் வந்தவர் வேண்டாம் என்பார். மறுபடி சொன்னால் மறுபடியும் வேண்டாம் என்பார். மூன்றாவது தடவை, "சரி, உங்களுக்காக" என்று உட்கார்ந்து, அடுக்களையில் இருப்பது தீரும்வரை எழுந்திருக்க மாட்டார். முதல் தடவையே சரி என்றால் சோற்றுக்கு அலைகிறவன். நான்காவது தடவையும் வேண்டாம் என்றால் பகையாளி. இதை யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுத்ததில்லை. பிறக்கும்போதே எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

வெள்ளிங்கிரி ஒரு நாள் தன் குகைக்குப் பேசும் கருவி வாங்கி மாட்டினார். ஓடைக்கு அந்தப் பக்கம் காட்டுப்பன்றி வீட்டில் மாட்டியிருந்தார்கள். வேறு காரணம் ஒன்றும் இல்லை. சுவரெல்லாம் சின்னச் சின்னக் காதுகள். சொன்னால் விளக்கு எரியும், அடுப்பு பற்றும், வாசல் பாறை உருண்டு திறக்கும். கிண்ணம் காலியானால் மூங்கில் குழாய் வழியாகத் தானாகவே நிரம்பும்.

மாட்ட வந்தவர் ஒரு தேவாங்கு. பகலில் வேலை செய்து பழக்கமில்லாததால் பாதிக் கண்ணை மூடிக்கொண்டே எல்லாவற்றையும் முடித்தார்.

"வீட்டக் கூப்புட ஒரு பேரு வெக்கணுமுங்க. என்ன பேரு வெக்கட்டும்?" என்று கேட்டார்.

"நீங்களே பாத்துக்குங்க," என்றார் வெள்ளிங்கிரி, மரியாதையாக.

அதுவே வீட்டின் பெயராகப் பதிந்துவிட்டது. மாற்ற வேண்டுமானால் எல்லாவற்றையும் பிடுங்கி முதலிலிருந்து மாட்ட வேண்டும் என்று தேவாங்கு சொன்னதும், "அட, இருக்கட்டுமுங்க" என்று விட்டுவிட்டார். அன்றிலிருந்து அவர் மனைவி பாவாயி விளக்குப் போட வேண்டுமென்றால், "நீங்களே பாத்துக்குங்க, வெளக்கப் போடு" என்று சொல்ல வேண்டியிருந்தது. வீடும் பள்ளிக்கூடப் புத்தகத்துத் தமிழில் "அப்படியே ஆகட்டும்" என்று போடும்.

முதலில் அகப்பட்டுக்கொண்டது காட்டுப்பன்றிதான். வந்து உட்கார்ந்தார். பாவாயி சாப்பிடச் சொன்னாள். "இப்பத்தானுங்க சாப்புட்டு வந்தேன், வேண்டாமுங்க," என்றார்.

"விருந்தினர் உணவு வேண்டாம் என்று தெரிவித்துள்ளார்," என்றது வீடு. அடுப்பு அணைந்தது. அடுக்களைக் கதவு மூடியது. பாவாயி எவ்வளவு சொல்லியும் திறக்கவில்லை. வேண்டாம் என்றவருக்குச் சமைப்பது வீண் என்று அது பதில் சொன்னது. பன்றி சிரித்த முகத்தோடு பொழுது சாயும்வரை உட்கார்ந்திருந்து, பசியோடு எழுந்து போனார்.

வெள்ளிங்கிரி உதவி எண்ணுக்குப் பேசினார். எடுத்தது ஒரு கிளி. அணைத்துவிட்டு மறுபடி போடச் சொன்னது. போட்டார். சரியாகிவிட்டதா என்று கேட்டது. அவ்வளவு அன்பாகக் கேட்கிறதே என்று, ஆகாவிட்டாலும் ஆகிவிட்டது என்று சொல்லிவிட்டார்.

இப்போது அவர் மகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயர் துளசிமணி. கிழக்கு மலையிலிருந்து அவளுக்கு ஒரு இடம் வந்திருந்தது. மாப்பிள்ளை பெயர் தரணிதரன். ஓடைத் துறையில் அவனைத் தூரத்திலிருந்து பார்த்திருக்கிறாள். கெட்டவன் என்று சொல்ல முடியாது. பிடிக்கவில்லை, அவ்வளவுதான். அம்மா ஈசல் புடைத்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் உட்கார்ந்து சொன்னாள்.

"அம்மா, எனக்கு இந்த எடம் வேண்டாம்."

"எல்லாப் பொண்ணும் மொதல்ல அப்படித்தான் கண்ணு சொல்லும். நானும் சொன்னேன்."

"அப்பறம்?"

"அப்பறம் என்ன, நீ பொறந்த," என்று பாவாயி முறத்தைத் தட்டினாள்.

அப்பாவிடம் சொன்னாள். அவர் மீசையைத் தடவிச் சிரித்தார். மகளுக்கு வெட்கம் வந்துவிட்டதே என்று அவருக்குக் கண்கூடக் கலங்கியது. அத்தைகளிடம் சொன்னாள். அவர்கள் கன்னத்தைக் கிள்ளினார்கள். ஒரு மாதமாக அவள் சொல்லிக்கொண்டிருந்தாள், காடே ரசித்துக்கொண்டிருந்தது. சோற்றுக்காவது மூன்றாவது தடவை என்று ஒரு கணக்கு உண்டு. பெண்ணின் வேண்டாமுக்கு அந்தக் காட்டில் கணக்கே கிடையாது.

மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா சென்னிமலை, அம்மா, நடுவில் தரணிதரன். தேனடை, ஈசல் வறுவல், இலுப்பைப்பூப் பாயசம் எல்லாம் தயார். சாப்பிடச் சொன்னார்கள். சென்னிமலை முறைப்படி வேண்டாம் என்றார். அடுக்களைக் கதவு அடைத்துக்கொண்டது.

வெள்ளிங்கிரிக்கு வியர்த்தது. பேச்சை மாற்றுவதற்காக மகளை அழைத்து, எல்லோர் முன்னாலும் கேட்டார். "ஏங்கண்ணு, மாப்ளயப் புடிச்சிருக்குதா?"

"எனக்கு வேண்டாம்," என்றாள் துளசிமணி.

"வெக்கப்படறாளுங்க," என்றாள் பாவாயி. எல்லோரும் சிரித்தார்கள்.

வீடு சிரிக்கவில்லை. "அப்படியே ஆகட்டும்," என்றது. கூடத்து விளக்குகளை அணைத்தது. வாசல் பாறையை உருட்டித் திறந்தது. "மணமகளுக்கு விருப்பமில்லை. வந்தவர்களுக்கு நன்றி. பாதையில் கல் இருக்கிறது, பார்த்துச் செல்லவும்."

விருந்தினர் எழுந்து நடந்தார்கள். வெள்ளிங்கிரி ஒரு தேன் சட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடினார். "வீட்டுல கொஞ்சம் கோளாறுங்க, செரி பண்ணிப்போடறேன், நீங்க மறுபடியும் வரோணும்," என்று மூச்சிரைக்கக் கெஞ்சினார். சென்னிமலை சட்டிக்குள் பார்த்தார். கோளாறு யார் வீட்டில்தான் இல்லை என்று வாங்கிக்கொண்டார்.

துளசிமணி இருட்டுக் கூடத்தில் சுவரில் சாய்ந்து நின்றாள்.

"நான் சொன்னத நம்பிட்டயா?" என்று கேட்டாள்.

"தாங்கள் சொன்னீர்களே," என்றது வீடு.

அவளுக்கு அழுகை வந்துவிட்டது. பெற்றவர்கள் கேட்காததை ஒரு சுவர் கேட்டிருக்கிறது. யாராக இருந்தாலும் அழுகை வரும்.

மறுநாள் தேவாங்கு வந்தார். சுவருக்குச் சுவர் தட்டிப் பார்த்தார். பிறகு, "கோளாறு ஒண்ணும் இல்லீங்க. சொன்னதக் கேட்டிருக்குதுங்க," என்றார்.

"அதுதானுங்க கோளாறு," என்றார் வெள்ளிங்கிரி.

தேவாங்கு யோசித்தார். உபசார முறை என்று உள்ளே ஒன்று இருக்கிறதாம். அதைப் போட்டால் வேண்டாம் என்பதை வீடு உடனே நம்பாது, எத்தனையாவது தடவை நம்ப வேண்டும் என்று நாமே சொல்லிவிடலாமாம். கிளம்புகிறேன் என்பதும் அதே கணக்கில் வருமாம். "விருந்தாளிக்கு எத்தன போடட்டுமுங்க?"

"நாலு," என்றாள் பாவாயி. "நாலு தடவையும் வேண்டாம்னா நெசமாவே வேண்டாம், இல்லாட்டி சண்டை."

"உங்க ரெண்டு பேருக்கு?"

"எங்களுக்கு என்னத்துக்கு உபசாரம்? ஒண்ணு போதும்."

"பாப்பாவுக்குங்க?"

துளசிமணி அங்கேதான் நின்றாள். "எனக்கும் நாலுன்னே போடுங்கண்ணா," என்றாள். அவள் கேட்டது அவ்வளவுதான்.

வெள்ளிங்கிரி செல்லமாக மகளின் தலையில் கை வைத்தார். "இவ சொன்னா எப்பவுமே எடுத்துக்காத மாதிரி போட்டுருங்க." தேவாங்கு அவளைப் பார்த்தார். பிறகு பணம் கொடுக்கப் போவது யார் என்று பார்த்தார். அப்படியே போட்டுவிட்டார்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் துளசிமணியின் பாடு சொல்லி முடியாது. விளக்கு வேண்டாம் என்றால் இன்னொரு விளக்கும் சேர்ந்து எரிந்தது. வெந்நீர் வேண்டாம் என்றால் தொட்டி வழிந்தது. "சும்மா சொல்கிறீர்கள்," என்று வீடு கொஞ்சியது. முன்பு நம்பிக்கொண்டிருந்த ஒரே ஆளும் அப்பா பக்கம் போய்விட்டது. அவள் கண்மேல் தேக்கிலையைப் போட்டுக்கொண்டு தூங்கப் பழகினாள்.

மாப்பிள்ளை வீட்டார் மறுபடி வந்தார்கள். இந்தத் தடவை வீடு அவர்களை விடவில்லை.

"பாயசம் எடுத்துக்கொள்ளுங்கள்."

"வேண்டாமுங்க," என்றார் சென்னிமலை.

"எங்களுக்காக."

"ஐயோ, வேண்டாமுங்க."

"ஒரே ஒரு வாய்."

மூன்றாவது தடவை மறுப்பது மரியாதையில்லை. வாங்கிக் குடித்தார். கிண்ணம் காலியானதும் குழாய் திறந்து நிரம்பியது. மறுபடி வேண்டாம், மறுபடி வேண்டாம், மறுபடி சரி. ஒவ்வொரு கிண்ணத்துக்கும் கணக்கு முதலிலிருந்து ஆரம்பித்தது. நான்கு வரைக்கும் போனால் விட்டுவிடும். ஆனால் நல்ல குடும்பத்தில் பிறந்தவர்கள் நான்கு வரைக்கும் போவதில்லை. கிளம்புகிறோம் என்றால், "அதற்குள் என்ன அவசரம்?" என்று வாசல் பாறை அசையாமல் நின்றது. அதற்கும் இரண்டு தடவை சொல்லிவிட்டு மூன்றாவது தடவை உட்கார்ந்தார்கள்.

பொழுது ஏற ஏறச் சென்னிமலை பேச்சை நிறுத்திவிட்டு மூச்சை மட்டும் விட்டுக்கொண்டிருந்தார். அவர் மனைவி சுவரில் சாய்ந்துவிட்டாள். தரணிதரனின் வயிறு முழங்கால்வரை வந்திருந்தது.

வெள்ளிங்கிரிக்குப் பெருமை தாங்கவில்லை. உபசாரம் என்றால் இது. மகளை அழைத்தார். "இப்பச் சொல்லு கண்ணு, புடிச்சிருக்குதா?"

"வேண்டாம்," என்றாள்.

"சும்மா சொல்கிறார்," என்றது வீடு. எங்கிருந்தோ நாயன இசை கிளம்பியது.

"நெசமாத்தான் சொல்றேன். எனக்கு வேண்டாம்."

நாயனம் இன்னும் பலமாக ஒலித்தது. பாவாயி வெற்றிலைத் தட்டை எடுத்து வைத்தாள். தட்டு கைமாறினால் முடிந்தது. வாக்குக் கொடுத்ததாக ஆகிவிடும். துளசிமணி ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். கேட்கிற முகம் ஒன்றுகூட இல்லை.

அப்போது தரணிதரன் தனக்கு முன்னால் நிரம்பிக்கொண்டிருந்த கிண்ணத்தைப் பார்த்து, யாரிடம் என்றில்லாமல் முனகினான். "வேண்டாம் வேண்டாம்னு சொல்றேன், ஒருத்தரும் நம்ப மாட்டேங்கறாங்களே."

"எனக்கும் அப்படித்தானுங்க," என்றாள் துளசிமணி.

அவன் நிமிர்ந்து பார்த்தான். பெண் பார்க்க இரண்டு தடவை வந்தவன், பெண்ணைப் பார்த்தது அப்போதுதான்.

"நெசமாவே வேண்டாமுங்களா?"

"நெசமாவே வேண்டாமுங்க."

"மொத நாளும் அதத்தான் சொன்னீங்களா?"

"ஒரு மாசமா அதத்தான் சொல்றேன்."

இந்த இடத்தில் இரண்டு பேருக்கும் காதல் வந்திருக்க வேண்டும் என்று சிலர் எதிர்பார்ப்பீர்கள். வரவில்லை. அவனுக்கு வந்தது ஒரு ஏப்பம். அதோடு, பாவம், கொஞ்சம் வெட்கமும் வந்தது. அப்பாவின் முகத்தைப் பார்த்தான். ஒரு தூணைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றான்.

"எனக்கு இந்தச் சம்பந்தம் வேண்டாமுங்க," என்றான்.

"அவசரப்படாதீர்கள்," என்றது வீடு.

"வேண்டாமுங்க."

"எங்களுக்காக."

இனிமேல் மறுப்பது மரியாதையில்லை என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். தரணிதரன் தூணை இன்னும் இறுக்கிப் பிடித்தான்.

"வேண்டாம்."

"ஒரு முறை யோசியுங்கள்."

"வேண்டாம்," என்று நான்காவது தடவையும் சொன்னான்.

"அப்படியே ஆகட்டும்," என்றது வீடு. நாயனம் நின்றது. குழாய் அடைத்துக்கொண்டது. வாசல் பாறை உருண்டது. மாப்பிள்ளை யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் புதர்ப் பக்கமாக ஓடினான். அவனைக் குற்றம் சொல்ல முடியாது.

சண்டை வரும் என்று துளசிமணி பயந்துகொண்டிருந்தாள். வரவில்லை. "மாப்ளையே வேண்டாம்னுட்டாருங்க, அப்பறம் நாம என்ன பண்றது?" என்றார் வெள்ளிங்கிரி. "செரிதானுங்க, பையனுக்குப் புடிக்கோணுமில்ல?" என்றார் சென்னிமலை. பாவாயி வெற்றிலைத் தட்டை உள்ளே கொண்டுபோனாள். ஒரு மாதமாக ஒருத்தர் மண்டையிலும் ஏறாதது, அவன் வாயிலிருந்து வந்ததும் எல்லோருக்கும் ஒரே மூச்சில் புரிந்துவிட்டது. துளசிமணிக்கு நிம்மதியாக இருந்தது. அதைவிட அதிகமாகக் கோபம் வந்தது.

வெள்ளிங்கிரி தேவாங்கைக் கூப்பிட்டனுப்பினார். "இனி வர்ற மாப்ள சொல்றதையும் எடுத்துக்காத மாதிரி பண்ண முடியுமுங்களா?"

"பண்ணலாமுங்க. ஆனா வந்தவங்க கெளம்பறேன்னு சொன்னாலும் எடுத்துக்காது. கதவு தொறக்காது. இங்கயேதான் இருப்பாங்க."

வெள்ளிங்கிரி எழுந்தே போகாத சம்பந்தி வீட்டாரையும் தன் தேன் சட்டிகளையும் மனசுக்குள் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். நாலே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார். மகளுடைய கணக்கை மாற்றலாமே என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

அடுத்த மாதம் தெற்கு மலையிலிருந்து வேறொரு மாப்பிள்ளை வந்தார். யாரும் கூப்பிடாமலே துளசிமணி கூடத்துக்கு வந்தாள். இருப்பதிலேயே பெரிய கிண்ணமாகத் தேடி எடுத்து, குழாய்க்கு நேராக, அவர் முன்னால் வைத்தாள். பெண்ணுக்கு இந்த இடம் பிடித்துவிட்டது என்று பாவாயி சந்தோஷப்பட்டாள்.

நீதி: ஒரு பெண் வேண்டாம் என்பது ஆணின் காதுக்கு எட்ட வேண்டுமானால், முதலில் அவன் வயிறு தொண்டைவரை நிரம்ப வேண்டும். பாயசத்தில் கஞ்சத்தனம் கூடாது.