தேங்காய் எண்ணெயோடு ஒரு டிரையல்

படித்தவன் செய்கிற முட்டாள்தனத்தில் ஒரு வசதி உண்டு. காரணம் கேட்டால் தெளிவாகச் சொல்வான்.

எண்பதுகளின் தொடக்கம். எனக்குப் பதினாறு வயது. பள்ளியில் என் பெயரைக் கொடுத்திருந்ததால், தலைநகரில் பிரிக்பீல்ட்ஸ் பக்கத்துக் காற்பந்து கிளப் ஒன்றின் இளையர் அணிக்கு ஆள் எடுக்கும் டிரையலுக்கு வரச்சொல்லிக் கடிதம் வந்தது. வீட்டில் எழுத்து வாசிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான்; தங்கை இன்னும் பள்ளிக்குப் போகாத சின்னப்பிள்ளை. அதனால் நானே நான்கு முறை உரக்க வாசித்துப் பெருமைப்பட்டேன். நாற்பது பையன்கள், இரண்டே இடம். அதில் ஒன்று எனக்கென்று நான் முடிவு செய்துவிட்டேன். (கிளப் இன்னும் முடிவு செய்யவில்லை.)

அன்று காலை அம்மா அரைப் போத்தல் தேங்காய் எண்ணெயோடு வந்தார்.

“இன்னிக்கு வேணாம்மா, பந்து வெளையாடப் போறேன்.”

“ஒவ்வொரு சோதனைக்கும் வெச்சுத்தானடா அனுப்புனேன்? ஒண்ணுலயாச்சும் பெயிலானியா?”

ஆகவில்லை. படித்தவன் ஆதாரத்தை மறுக்கலாமா? தலையைக் குனிந்தேன்.

எங்கள் ஊர் கிள்ளானிலிருந்து பஸ் போய்ச் சேர்வதற்குள் எண்ணெய் காதோரம் இறங்கிவிட்டது. என்னைத் தடுப்பாட்டத்தில் நிறுத்தினார்கள். முதல் பந்தே உயரமாக வந்தது. எம்பி முட்டினேன். முன்னால் போகவேண்டிய பந்து, என் தலைமேல் வழுக்கிக்கொண்டு எங்கள் கோலை நோக்கியே போனது. கோல் கீப்பர் செல்வம் பிடித்தான். அவன் கையிலிருந்தும் நழுவி உள்ளே உருண்டது.

“டேய், இது தலையா, வடை சுடுற குவாலிச் சட்டியா?” என்று கத்தினான்.

கோச் பந்தை எடுத்து முகர்ந்து பார்த்தார். “தம்பி, வெளையாட வந்தியா, சமைக்க வந்தியா? வீட்டுக்குப் போ லா.”

போகவில்லை. திடலோரக் குழாயடியில் கிடந்த துணிச் சவர்க்காரத்தால் தலையைத் தேய்த்துவிட்டு, நுரை வழிய அவர் முன் நின்றேன்.

“இப்ப பந்த அடிங்க கோச்.”

“பேர வெட்டிட்டேன்டா.”

“பேரு கெடக்கட்டும். பந்து மட்டும் அடிங்க.”

அடித்தார். கண்ணெரிச்சலில் இரண்டு பந்துகள் தெரிந்தன. ஏதோ ஒன்றை முட்டினேன். அது பாதித் திடலைத் தாண்டி விழுந்தது.

“அடுத்த வாரம் வா,” என்றார். “காஞ்ச தலையோட.”

அடுத்த வாரமும் போனேன், அதற்கடுத்த வாரமும் போனேன். இரண்டு இடமும் நிரம்பியிருந்தும், தொல்லை தாங்காமல் கூடுதல் ஆளாகச் சேர்த்துக்கொண்டார். இரண்டு வருடம் ஆடினேன். பெரிய அணிக்கு எடுக்கவில்லை; தடுப்பாட்டக்காரனாகவே இருந்ததால் ஒரு கோலும் போடவில்லை.

என் கல்யாணத்தன்று தங்கை மணப்பெண்ணின் காதில், எனக்கும் கேட்கும்படி சொன்னாள்: “அண்ணி, அண்ணன் ஒரே ஒரு கோல் போட்டுருக்கு. எந்தப் பக்கம்னு மட்டும் கேட்டுராதீங்க.”

வீட்டுக்கு விருந்தாளி வரும்போதெல்லாம் என் மனைவி அதைத்தான் தவறாமல் கேட்கிறாள்.