வெனிலா பாட்டிலுக்கு ஒரு சாட்சி

அந்தக் கடையைக் கோர்ட்டுக்கு இழுக்காமல் கிறிஸ்மஸ் கேக்கில் கை வைப்பதில்லை என்று ஓஸ்வால்ட் சபதம் எடுத்தார். கேக் இன்னும் சுடப்படவே இல்லை என்பதால் சபதம் எடுப்பதில் சிரமம் இருக்கவில்லை.

"என் பொண்டாட்டியைத் திருடின்னு சொல்லிட்டானுங்க," என்று பெங்களூர் காக்ஸ் டவுனுக்கே கேட்கும்படி வாசலில் நின்று முழங்கினார். கேட்டது. அதுவரை விஷயம் தெரியாமல் இருந்த வீடுகளுக்கும் தெரிந்துபோனது. உள்ளே பியாட்ரிஸ் கேக்குக்கான உலர்ந்த திராட்சையில் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தாள்.

"கொஞ்சம் மெதுவாப் பேசுங்க."

"எதுக்கு மெதுவா? நீ திருடினியா?"

"இல்ல."

"அப்புறம் என்ன?"

அவள் திராட்சைக்குத் திரும்பினாள்.

நடந்தது இதுதான். தொண்ணூற்றெட்டாம் வருஷ டிசம்பர். மெயின் ரோட்டில் புதிதாக ஒரு பெரிய கடை வந்திருந்தது. பழைய கடைகளில் தீர்ந்துபோன பாட்டிலைக் கொண்டுபோய்க் காட்டி 'இதே மாதிரி ஒண்ணு' என்று கேட்பதுதான் வழக்கம். பாதி தீர்ந்த வெனிலா எசென்ஸ் பாட்டிலை, "காட்டிக் கேளு, இல்லேன்னா வேற எதையாவது தலையில கட்டிடுவான்," என்று பியாட்ரிஸின் கைப்பையில் போட்டதே ஓஸ்வால்ட்தான். புதுக் கடையில் காட்டிக் கேட்க ஆளே இல்லை. எல்லாவற்றையும் நாமே எடுத்துக்கொள்ளலாம். எடுத்தவரைச் சந்தேகப்பட மட்டும் சம்பளத்துக்கு ஆள் வைத்திருந்தார்கள்.

அந்த ஆள் காவலாளி முனிராஜ். கைப்பையைத் திறந்தான். பாட்டில் வந்தது. பில்லில் அது இல்லை. மேனேஜர் வந்து மூடியைக் கழற்றி முகர்ந்து பார்த்து, "உள்ளயே பாதியைக் காலி பண்ணிட்டாங்க," என்றார். வெனிலா எசென்ஸை நின்ற இடத்தில் குடித்துவிட்டுப் போகிற பெண்களைத் தினமும் பார்க்கிறவர்போலச் சொன்னார். கையைப் பிடித்து இழுத்துப்போய்ச் சரக்கு அறையில் உட்காரவைத்துக் கதவைச் சாத்தினார்கள். பியாட்ரிஸ் கோயிலில் மறைக்கல்வி டீச்சர். பில் வரிசையில் நின்ற பாதிப் பேருடைய பிள்ளைகள் அவளிடம் ஜெபம் கற்றவர்கள்.

ஒரு மணி நேரம் தேடிய பிறகு, அந்தப் பிராண்டைத் தாங்கள் விற்பதே இல்லை என்று கண்டுபிடித்தார்கள். "நீங்க போலாம்," என்றார் மேனேஜர். மன்னிப்பு என்ற சரக்கும் அந்தக் கடையில் இல்லை.

அப்போது ஓஸ்வால்ட் எங்கே இருந்தார்? ஊருக்குச் சொன்னபடி, ஸ்கூட்டர் நிறுத்த இடம் தேடிக்கொண்டிருந்தார். உண்மையில் பத்தடி தள்ளி பிஸ்கட் அலமாரி முன்னால் நின்றிருந்தார். 'பாட்டிலைப் போட்டது நான்தான்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் அந்த வரிசையில் அவருடைய ஃபேக்டரி மேலதிகாரியின் மனைவியும் நின்றிருந்தாள். திருடியின் புருஷன் என்று பெயர் வாங்கிக்கொண்டு திங்கட்கிழமை எப்படி ஃபேக்டரிக்குப் போவது? அதனால் ஒரு பிஸ்கட் பொட்டலத்தை எடுத்து அதன் முதுகில் அச்சடித்திருந்ததை மாவு முதல் உப்பு வரை படித்தார். பைபிளைக்கூட அவர் அவ்வளவு பக்தியாகப் படித்ததில்லை. சரக்கு அறைக் கதவு சாத்தப்பட்டதும் வெளியே போய் ஸ்கூட்டர் மேல் உட்கார்ந்துகொண்டார். பியாட்ரிஸ் தன்னைக் கவனிக்கவில்லை என்பது அவர் நம்பிக்கை. அந்த நம்பிக்கையில்தான் மறுநாள் காலையில் வீரம் பொங்கியது.

ஞாயிறு பூசை முடிந்ததும் எதிர்வீட்டு வக்கீல் யூஜினைக் கையோடு கூட்டிவந்தார்.

"வழி மூணு இருக்குண்ணா," என்றான் யூஜின். "போலீஸ்ல புகார் கொடுக்கலாம். சந்தேகம்னா அவங்க போலீசைத்தான் கூப்பிடணும். ரூம்ல போட்டு அடைக்க அவங்களுக்கு என்ன உரிமை? கன்ஸ்யூமர் கோர்ட்டுக்குப் போலாம். நாலு பேர் முன்னால திருடின்னு சொன்னதுக்கு மானநஷ்ட வழக்கும் போடலாம்."

"மூணையும் போடு."

"போடலாம். ஆனா அவன் என்ன சொல்வான்? மேடத்துக்குத் தலை சுத்துச்சு, உட்கார வச்சு ஜூஸ் கொடுத்தோம்னுவான். கையைப் பிடிச்சு இழுத்ததைப் பார்த்த சாட்சி வேணும்."

"வரிசைல எவ்வளவோ பேர் இருந்தாங்களே."

"கேட்டுப் பாத்துட்டேன்," என்று பியாட்ரிஸ் காபியை வைத்தாள். "எல்லாருமே அன்னிக்கு வேற பக்கம் பாத்துட்டிருந்தாங்களாம்."

"அக்கா கூட நீங்கதானேண்ணா போனீங்க. நீங்க எங்க இருந்தீங்க?"

"நானா? ஸ்கூட்டர் நிறுத்த இடமே கிடைக்கலப்பா."

"ஒரு மணி நேரமாவா?"

"பெங்களூர் இப்ப ரொம்ப மாறிடுச்சு யூஜின்."

பியாட்ரிஸ் அவரைப் பார்த்தாள். "நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. உள்ள வரவே இல்லையா?"

"வரவே இல்ல. வந்திருந்தா அவனைச் சும்மா விட்டிருப்பனா?"

"விட்டிருக்க மாட்டீங்க," என்றாள்.

அந்த வாரம் மறைக்கல்விக்கு மூன்றே பிள்ளைகள் வந்தார்கள். பியாட்ரிஸ் வீட்டுக்கு வந்து, குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். அவளுக்குக் கோர்ட்டும் வேண்டாம், நஷ்டஈடும் வேண்டாம். நீ திருடவில்லை என்று ஒருவர் சத்தமாகச் சொன்னால் போதும். "தண்ணி வீணாப் போகுது பாரு," என்று ஓஸ்வால்ட் கூடத்திலிருந்து சத்தமாகச் சொன்னார்.

மறுநாள் அவளே யூஜின் வீட்டுக்குப் போனாள். கடைக்கு வக்கீல் நோட்டீஸ் பறந்தது. பண்டிகை வியாபார நேரம், முதலாளி பயந்துவிட்டார். என்ன வேண்டும் என்று கேட்டு ஆள் அனுப்பினார். அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். சனிக்கிழமை சாயங்காலக் கூட்டத்தில், சோப்புக்குச் சோப்பு இலவசம் என்று கூவுகிற அதே மைக்கில், அதே மேனேஜர் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

வழக்கு போயிற்றே என்று ஓஸ்வால்டுக்கு வருத்தம்தான். இருந்தாலும் வெற்றி வெற்றிதானே. "நான் விட்ட மிரட்டல்ல பணிஞ்சுட்டான்," என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டு, கல்யாணக் கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டு கிளம்பினார். பொத்தான் மட்டும் போட முடியவில்லை.

கடையில் நிற்க இடமில்லை. பியாட்ரிஸ் நேராக முன்னால் போய்விட்டாள். கூட்டம் ஓஸ்வால்டைத் தள்ளித் தள்ளி அலமாரிப் பக்கம் ஒதுக்கியது. மேனேஜர் மைக்கைப் பிடித்தார். மேடம் எதையும் எடுக்கவில்லை, தப்பு எங்களுடையது, எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்கிறோம் என்றார். மறைக்கல்விப் பிள்ளைகளின் அம்மாக்கள் கைதட்டினார்கள். மேலதிகாரியின் மனைவியும் தட்டினாள். பியாட்ரிஸ் அழவில்லை, தலையை மட்டும் நிமிர்த்திக்கொண்டாள். பெரிய பழக்கூடை ஒன்று வந்தது.

கூடையைக் கண்டதும் ஓஸ்வால்ட் கையை நீட்டியபடி முன்னேறினார். முனிராஜ் குறுக்கே வந்து நின்றான்.

"ஸ்வல்ப இருங்க சார். நீங்க யாரு?"

"யாருன்னா? அவங்க வீட்டுக்காரன்யா."

மேனேஜர் பட்டுத் தெளிந்தவர். இனி விசாரிக்காமல் எதுவும் செய்வதில்லை என்று இருந்தார்.

"மேடம், இவர் உங்ககூட வந்தவரா?"

கடையே திரும்பிப் பார்த்தது. பியாட்ரிஸும் பார்த்தாள். கோட்டைப் பார்த்தாள், போடாத பொத்தானைப் பார்த்தாள், அவர் முதுகுக்குப் பின்னால் இருந்த அலமாரியையும் பார்த்தாள். மேனேஜர் கையிலிருந்த மைக்கை வாங்கிக்கொண்டாள்.

"யாருன்னு தெரியலைங்க. அன்னிக்கும் இதே இடத்துலதான் நின்னு பிஸ்கட் பாத்துட்டிருந்தாரு."