பாத்திரம் தேய்க்கும் பஞ்சும் பெரியப்பாவின் குரல் பதிவும்

மரியாதைக்கும் அன்புக்கும் உரிய பெரியப்பாவுக்கு,

தங்கள் தம்பி மகள் எழுதிக்கொள்வது. இங்கே நானும் அவரும் பிள்ளையும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். மனசைப் பற்றிக் கீழே எழுதியிருக்கிறேன். அங்கே தங்கள் மூட்டுவலியும் பெரியம்மாவின் கோபமும் தணிந்திருக்கும் என்று நம்புகிறேன். போனில் பேசினால் பேச்சு மூட்டுவலியில் ஆரம்பித்து அங்கேயே முடிந்துவிடுகிறது. அதனால்தான் தபாலில் எழுதுகிறேன்.

ஒன்பது வருஷமாக நான் பாத்திரம் தேய்க்கும் பஞ்சை ஆராய்ச்சி செய்வது உங்களுக்குத் தெரியும். ஈரமாகவே கிடக்கும் பஞ்சில் கிருமி எவ்வளவு வேகமாகப் பெருகுகிறது, பிழிந்து காயவைத்தால் எவ்வளவு குறைகிறது, விஷயம் இவ்வளவுதான். முன்பெல்லாம் ஒரு கட்டுரை உருப்படியானதா என்று பார்க்க, மற்ற ஆராய்ச்சியாளர்கள் எத்தனை பேர் அதை மேற்கோள் காட்டினார்கள் என்று எண்ணுவார்கள். என்னுடையதை நாலு பேர் காட்டியிருந்தார்கள், அதில் ஒருத்தி நானே. இந்த வருஷம் எங்கள் துறைத்தலைவர், நாங்கள் அவரை அளவுநாடா என்போம், புது முறை கொண்டுவந்துவிட்டார். கட்டுரையின் இணைய முகவரியைப் போட்டு யார் எங்கே எதை எழுதினாலும் ஒரு புள்ளி. மாதக் கடைசிக்குள் ஐந்நூறு புள்ளி வேண்டும். "இல்லேன்னா ரூமைக் காலி பண்ணிக் குடுத்துடுங்கம்மா, புள்ளி எண்ணுற பிரிவுக்கு இடம் பத்தலை" என்றார். அன்றைக்கு என் புள்ளி ஏழு. அறையில் இருப்பது முந்நூற்றுப் பன்னிரண்டு பஞ்சு, ஒவ்வொன்றும் ஏதோ ஒரு வீட்டுச் சமையலறையில் நான் கெஞ்சிக் கூத்தாடி வாங்கிவந்தது. அத்தனையையும் தூக்கிக்கொண்டு நான் எங்கே போவேன், சொல்லுங்கள்.

வெட்கத்தை விட்டு உங்களிடம் கேட்டேன், அது என் தப்புதான். முகவரியை அனுப்பி, நாலு பேருக்குச் சொல்லுங்கள் என்றேன். நீங்களும் நாலு பேரோடு நிறுத்தியிருக்கலாம். ரயில் நிலையத்தில் இருபத்தெட்டு வருஷம் அறிவிப்புச் செய்த அதே குரலில், "அனைவரின் கனிவான கவனத்துக்கு. என் தம்பி பொண்ணு பெரிய விஞ்ஞானி. ஒன்பது வருஷம் ஆராய்ச்சி பண்ணிக் கண்டுபிடிச்சிருக்கா. பாத்திரம் தேய்க்கிறதாலதான் வியாதி வருது. ஆம்பளைங்க யாரும் பஞ்சைத் தொடாதீங்க" என்று பதிவு செய்து, கீழே முகவரியும் போட்டு அனுப்பிவிட்டீர்கள். ஆம்பளை என்ற பேச்சே அந்தக் கட்டுரையில் கிடையாது பெரியப்பா. அது எங்கேயிருந்து வந்தது என்பது பெரியம்மாவுக்குத் தெரிந்திருக்கும்.

அந்தக் குரலைக் கேட்டால் யாருக்குத்தான் சந்தேகம் வரும். யாரோ அதை இணையத்தில் ஏற்ற, ஆண்களெல்லாம் எனக்கு நன்றி சொல்லிப் பகிர, பெண்களெல்லாம் என்னைத் திட்டிப் பகிர, மூன்றே நாளில் புள்ளி தொள்ளாயிரம். பன்னிரண்டு வருஷமாக ராத்திரிப் பாத்திரத்தை மூச்சுவிடாமல் தேய்த்துவந்த உங்கள் மாப்பிள்ளை, "நீயே சொல்லிட்டே, இனி நான் என்ன பண்ண முடியும்" என்று சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தவர்தான், இன்னும் எழுந்திருக்கவில்லை. மருந்துக்கடை வைத்திருக்கிற மனுஷன், கிருமியைப் பற்றி அவருக்குத் தெரியாதா. மாடி வீட்டு நர்ஸ் என்னைப் பார்த்தால் கதவைச் சாத்துகிறாள். நாற்பத்தொன்றாம் எண் பஞ்சைக் கொடுத்த அம்மா நேராக ஆய்வகத்துக்கே வந்து, "என் பஞ்சைக் குடுத்துடுங்க. இதை வெச்சுத்தானே என் வீட்டுக்காரரை இப்படிக் கெடுத்தீங்க" என்று வாங்கிக்கொண்டு போய்விட்டார். மூன்று வருஷமாகக் கணக்கு வைத்த பஞ்சு அது, போயே போய்விட்டது.

சரி, விளக்கம் கொடுத்துவிடலாம் என்று "ஆண்களும் தேய்க்கலாம்" என்று எழுதினேன். தேய்க்கலாமா, தேய்க்கணும்னு சொல்ல வாய் வரலையா என்று பாதிப் பேர், பயந்துட்டீங்களா மேடம் என்று மீதிப் பேர். புள்ளி இரண்டாயிரத்து அறுநூறு. தலைவரிடம் ஓடினேன்.

"சார், எல்லாரும் என்னைத் திட்டறாங்க."

"முகவரியைப் போட்டுத் திட்டறாங்களா?"

"ஆமா சார்."

"அப்போ புள்ளிதானேம்மா. திட்டா பாராட்டான்னு மெஷினுக்குத் தெரியாது" என்று சொல்லி எழுந்து நின்று கைகுலுக்கினார். மக்களிடம் எப்படிப் போய்ச் சேர்வது என்று அடுத்த வாரம் எல்லா ஆசிரியர்களுக்கும் நான் பாடம் எடுக்க வேண்டுமாம். திரும்பி வந்து, கட்டுரையை எத்தனை பேர் திறந்து படித்தார்கள் என்று பார்த்தேன். பதினொரு பேர். மாடிப்படியில் உட்கார்ந்து அழுதேன் பெரியப்பா. ஒன்பது வருஷமாக நான் சொன்னது ஒரே ஒரு வரி, பிழிந்து காயவையுங்கள் என்று. ஊரே என்னைப் பற்றிப் பேசுகிறது, அந்த ஒரு வரி மட்டும் ஒருத்தர் காதிலும் விழவில்லை.

ஆகையால் தங்கள் காலைத் தொட்டுக் கேட்டுக்கொள்கிறேன். அந்தப் பதிவை உடனே அழித்துவிடுங்கள். அதே குரலில், "யார் தேய்த்தாலும் சரி, தேய்த்த பிறகு பஞ்சைப் பிழிந்து காயவையுங்கள்" என்று மட்டும் திருத்தம் சொல்லுங்கள். ஒரு சொல் கூட்ட வேண்டாம், குறைக்க வேண்டாம். புள்ளி குறைந்து அறை போனால் போகட்டும், எனக்கு மானம்தான் பெரிது.

பெரியம்மாவுக்கு என் வணக்கத்தையும் என் பங்குக்கான மன்னிப்பையும் சொல்லவும். தங்கள் ஆசி என்றும் வேண்டும்.

இப்படிக்கு,
தம்பி மகள்

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும் நேரத்தில் தலைவர் கூப்பிட்டனுப்பினார். பக்கத்து அறையில் குறட்டையை ஆராய்ச்சி செய்பவர், குறட்டை விடாதவர்களை நம்பாதீர்கள் என்று ஏதோ சொல்லி ஒரே நாளில் நாலாயிரம் எடுத்துவிட்டாராம். அதனால் எல்லோருக்கும் வரம்பை மூவாயிரமாக ஏற்றிவிட்டார்கள். எனக்கு நானூறு குறைகிறது, கையில் இருப்பது பத்து நாள். திருத்தத்துக்கும் தனியாகப் புள்ளி உண்டா என்று விசாரித்தேன், உண்டாம். ஆகவே பெரியப்பா, மேலே எழுதிக்கொடுத்ததை அப்படியே வாசிக்க வேண்டாம். உங்களுக்குப் புரிந்த மாதிரி சொல்லுங்கள்.